அரண்மனை எப்படி நாடாளுமன்றம் ஆச்சு? 5ஆம் வகுப்புக்கு வெஸ்ட்மின்ஸ்டர் நடத்த யோசனை வேண்டும்

சுண்ணக்கட்டி கேட்டது:

5ஆம் வகுப்பு, 34 பிள்ளைகள், 40 நிமிஷ பீரியட் இரண்டு. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனையைப் பற்றி நடத்த வேண்டும். பாடத்தில் படமும் நாலு வரியும்தான் இருக்கு. பிள்ளைங்க கேட்கப் போற கேள்வி இதுதான்: "ராஜா இருந்த வீட்டில் எம்.பி.க்கள் எப்படி வந்தாங்க? ராஜாவை விரட்டிட்டாங்களா?" இதற்கு நேரான பதில் வேணும்.

கூடவே இரண்டு விஷயம். (1) அட்டையில் மாடல் செய்ய அளவு. (2) வகுப்பிலேயே ஒரு சபை நடத்திக் காட்ட முடியுமா? பேச்சுப் போட்டி மாதிரி ஆகிடக் கூடாது. அந்தக் கட்டடத்தில் மட்டும் நடக்கிற மாதிரி இருக்கணும்.

---

கோட்டைமதில்:

விரட்டவும் இல்லை, அரசர் தூக்கிக் கொடுக்கவும் இல்லை. அரசர் வீடு மாறினார், கூட்டம் அங்கேயே தங்கிவிட்டது. இந்த ஒரு வரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு ஆரம்பியுங்கள்.

1042 முதல் 1066 வரை ஆண்ட எட்வர்ட் அரசர், தேம்ஸ் நதிக்கரையில் தான் கட்டிய மடாலயத்துக்குப் பக்கத்திலேயே அரண்மனையும் கட்டிக்கொண்டார். இரண்டாம் வில்லியம் 1097இல் தொடங்கி 1099க்குள் அதில் ஒரு பெரிய கூடம் எழுப்பினார். நீளம் 73 மீட்டர், அகலம் 20 மீட்டர். அதுதான் வெஸ்ட்மின்ஸ்டர் ஹால். இன்றும் நிற்கிறது.

அந்தக் காலத்தில் நாடாளுமன்றம் என்பது ஓர் இடமே இல்லை. அரசர் கூப்பிட்டால் கூடுகிற கூட்டம், அவ்வளவுதான். அவர் எங்கே இருக்கிறாரோ அங்கே போக வேண்டும். பெரும்பாலும் வெஸ்ட்மின்ஸ்டரில் இருந்ததால் பெரும்பாலும் அங்கேயே கூடினார்கள். பிரபுக்களுக்கு அரண்மனைக்குள் அறை உண்டு. சாதாரண ஊர்ப் பிரதிநிதிகளான காமன்ஸ் சபைக்கு அதுகூடக் கிடையாது. பக்கத்து மடாலயத்தில், துறவிகள் சாப்பிடும் கூடத்தில் உட்கார்ந்து பேசிய காலமெல்லாம் உண்டு.

1512இல் அரண்மனையில் அரச குடும்பம் வசித்த பகுதி எரிந்தது. எட்டாம் ஹென்றி கொஞ்ச காலம் கழித்து அருகிலிருந்த வைட்ஹால் அரண்மனைக்குக் குடிபோனார். அதன்பின் எந்த அரசரும் வெஸ்ட்மின்ஸ்டரில் குடியிருக்கவில்லை. ஆனால் பிரபுக்கள் சபையும் நீதிமன்றங்களும் அங்கேயே இருந்தன. ஹாலுக்குள் நீதிபதிகள் ஒரு பக்கம் வழக்கு விசாரிக்க, இன்னொரு பக்கம் புத்தகக் கடையும் போட்டிருந்தார்கள்!

காமன்ஸ் சபைக்குச் சொந்த இடம் கிடைத்தது 1547ஐ ஒட்டித்தான். அரண்மனைக்குள் அரச குடும்பம் வழிபட்ட செயின்ட் ஸ்டீபன் தேவாலயம் சும்மா கிடந்தது. அதைக் கொடுத்தார்கள். பாடத்தின் முக்கியமான இடம் இதுதான். கொஞ்சம் நின்று சொல்லுங்கள். அந்த ஆலயத்தில் பாடகர் குழு உட்கார்வதற்கான இருக்கைகள் இரண்டு வரிசையாக எதிரெதிரே இருந்தன. உறுப்பினர்கள் அப்படியே அதில் உட்கார்ந்தார்கள். ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் இன்றைக்கும் நேருக்கு நேர் உட்காருவது அதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சபாநாயகர் நாற்காலி பலிபீடம் இருந்த பக்கம் போடப்பட்டது. உறுப்பினர்கள் நாற்காலியைப் பார்த்துத் தலை வணங்குவது அந்தப் பீடத்துக்கான வணக்கத்தின் மிச்சம் என்பது வழக்கமான விளக்கம். டெல்லியில் மக்களவை இருக்கைகள் குதிரை லாட வடிவில் இருக்கும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வித்தியாசத்தைப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

அந்தத் தேவாலயம் இன்று இல்லை. அதே இடத்தில் செயின்ட் ஸ்டீபன் ஹால் இருக்கிறது: 29 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். பழைய சபாநாயகர் நாற்காலி இருந்த இடத்தைத் தரையில் பித்தளைக் குமிழ் பதித்துக் காட்டியிருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. "1512இல் அரண்மனை நாடாளுமன்றம் ஆனது" என்று ஒற்றை வருஷத்தைச் சொல்லிக்கொடுத்துவிடாதீர்கள். பல புத்தகங்களில் அப்படித்தான் சுருக்கியிருக்கிறார்கள். காமன்ஸ் உள்ளே வந்தது அதற்கு முப்பது வருஷத்துக்கும் மேல் கழித்து. பெயரளவில் அது இன்றும் அரண்மனைதான். 1965இல்தான் கட்டடத்தின் கட்டுப்பாடு அரசரிடமிருந்து இரு சபைகளுக்கும் வந்தது.

---

அட்டைப்பெட்டி:

மாடலுக்கு 500இல் 1 என்ற அளவு எடுங்க. உண்மையில் 5 மீட்டர் என்றால் அட்டையில் 1 செ.மீ. நதியைப் பார்த்த முகப்பு 266 மீட்டர், அதனால் 53 செ.மீ. வரும். கடையில் கிடைக்கிற முழு சார்ட்டின் நீளப் பக்கம் 71 செ.மீ. வரை இருக்கும், ஒட்டு இல்லாம ஒரே துண்டா வெட்டலாம். 1000இல் 1 எடுத்தா மணிக்கூண்டு 1.2 செ.மீ. அகலம்தான் வரும். பத்து வயசுப் பிள்ளையால அதை நாலு மடிப்பு மடிக்க முடியாது, உருளையாயிடும்.

எலிசபெத் கோபுரம் (மணிக்கூண்டு): 96 மீட்டர், அதாவது 19.2 செ.மீ. உயரம். அடிப்பக்கம் 2.4 செ.மீ. சதுரம். நாலு முகத்துக்கு 9.6, ஒட்டுவதற்கு 1, ஆக 10.6 செ.மீ. அகலப் பட்டை. கடிகார முகம் 7 மீட்டர் குறுக்களவு, மாடலில் 1.4 செ.மீ. வட்டம். சட்டைப் பித்தானை வைத்து வரைந்தாலே போதும். நாலு பக்கமும் வரையணும், ஒண்ணு மட்டும் வரைஞ்சு விட்டுடுவாங்க.

விக்டோரியா கோபுரம்: 98.5 மீட்டர், 19.7 செ.மீ. அடிப்பக்கம் 4.6 செ.மீ. பட்டை அகலம் 19.4. பாருங்க, உயரத்தில் அரை செ.மீ.தான் வித்தியாசம், ஆனா தடிமன் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பிள்ளைங்க "பிக் பென்தான் பெருசு" என்று நினைச்சு விக்டோரியாவைக் குட்டையாச் செய்வாங்க. முதல்ல இதைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

நடுக் கோபுரம் 91 மீட்டர், 18.2 செ.மீ. இது எட்டுப் பக்கம், மேலே கூம்பு. நேரம் இல்லைன்னா கூம்பு மட்டும் சுருட்டி வெச்சுடுங்க. வெஸ்ட்மின்ஸ்டர் ஹால் 14.6 × 4 செ.மீ., சாய்வுக் கூரையின் உச்சி 5.6. நதி முகப்புச் சுவருக்கு 4 செ.மீ. உயரம் போதும்.

இட அமைப்பில்தான் அதிகம் தப்பு வரும். நதி கிழக்கே. மணிக்கூண்டு வடக்கு முனை. விக்டோரியா கோபுரம் தென்மேற்கு மூலை. ஹால் மேற்கே, வடக்குப் பாதியில், நதியைத் தொடாது. காமன்ஸ் வடக்கே, பிரபுக்கள் சபை தெற்கே, இரண்டுக்கும் நடுவில் எண்கோண மையக் கூடம். அடித்தட்டில் முதல்ல நீலத்தால் நதியை வரையச் சொல்லிட்டு அப்புறம் ஒட்ட விடுங்க. நதியை வரையாம ஆரம்பிச்சா பாதிப் பேர் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடவலம் மாத்தி ஒட்டுவாங்க.

மடிப்புக் கோட்டில் மை தீர்ந்த பால்பாயின்ட் பேனாவால் ஸ்கேல் வெச்சு ஒரு தடவை அழுத்தி இழுத்துட்டு மடிச்சா மூலை கூராக வரும். ஃபெவிகால் கூடினா சார்ட் நெளியும். தீக்குச்சி முனையால் தொட்டு வைக்கணும்.

ஹால் கூரை பத்தி ஒரு வார்த்தை. 1393இல் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தில் தொடங்கிய ஓக் மரக் கூரை, தச்சர் ஹியூ ஹெர்லாண்ட். 20 மீட்டர் அகலம், நடுவில் ஒரு தூண்கூட இல்லை. இரண்டு சுவரிலிருந்தும் குட்டையான கட்டைகள் உள்பக்கமா நீட்டிக்கிட்டு நிற்கும், அதன்மேல்தான் மேல் வளைவு உட்காரும். இதைக் காட்ட: இரண்டு மேசையை 40 செ.மீ. தள்ளிப் போடுங்க. 30 செ.மீ. ஸ்கேல் நடுவில் எட்டாது. இரண்டு மேசையிலிருந்தும் ஒவ்வொரு ஸ்கேலை 10 செ.மீ. வெளியே நீட்டி, மேசைமேல் இருக்கிற பாகத்தில் நாலு புத்தகம் பாரம் வையுங்க. இப்ப இடைவெளி 20தான், மூணாவது ஸ்கேல் மேலே உட்கார்ந்துடும். புத்தகத்தை எடுத்துட்டு மேல் ஸ்கேலை நடுவில் அழுத்தினா எல்லாம் சரிஞ்சு விழும். நிஜக் கூரையில் வளைந்த தாங்குமரங்களும் சேர்ந்து சுமக்குது, ஆனா "நீட்டி எட்டுறது" என்கிற தந்திரம் இதுதான்.

---

தேம்ஸ்கரை:

சபை நடத்துவதற்கு வகுப்பறை காணாது, மைதானத்துக்குக் கொண்டு போங்கோ. காமன்ஸ் சபை மண்டபம் 20.7 மீட்டர் நீளம், 14 மீட்டர் அகலம். அப்படியே முழு அளவில் கீறலாம். சுற்றுக்கு 70 மீட்டர் கயிறு போதும். இடம் இல்லையென்றால் பாதி அளவு, 35 மீட்டர் கயிறு. மூலைகள் கோணலாகப் போகும், ஆகவே கயிற்றில் 3, 4, 5 மீட்டருக்கு முடிச்சுப் போட்டு முக்கோணமாக இழுத்துச் செங்கோணம் பிடியுங்கோ. பிள்ளைகளுக்கு அது கணிதப் பாடமும் ஆகும்.

34 பேரைப் பிரிப்பது இப்படி: சபாநாயகர் 1, எழுத்தர் 2, செங்கோல் தூக்கி வருபவர் 1, கருங்கோல் ஏந்துபவர் 1, மணி அடிப்பவர் 1. மிச்சம் 28 பேர் உறுப்பினர்கள். 16 பேர் ஆளும் பக்கம், 12 பேர் எதிர்ப்பக்கம். சபாநாயகரின் வலக்கைப் பக்கம் அரசாங்கம்.

இப்ப கதிரை (நாற்காலி) விஷயம். உறுப்பினர்கள் 650 பேர், ஆனால் அங்கே இருக்க இடம் 427 பேருக்குத்தான். உங்கள் 28 பேருக்கு அதே விகிதத்தில் கணக்குப் பார்த்தால் 18 இடம். ஒரு பக்கத்துக்கு 9 பேர் இருக்கும் அளவுக்கு மட்டும் வாங்கு (பெஞ்ச்) போடுங்கோ. மிச்சப் பேர் வாசலடியில் நிற்கட்டும். "ஏன் சேர், இடம் பத்தவில்லை?" என்று கேட்பினம், அந்தக் கேள்விதான் உங்களுக்கு வேண்டும். 1941 மே 10 இரவு குண்டு விழுந்து இந்த மண்டபம் எரிந்தது. ஹாலின் பழைய கூரைக்கும் அதே இரவு தீப்பிடித்தது. தீயணைப்புக்காரர் ஹாலைக் காப்பாற்றினார்கள், காமன்ஸ் மண்டபம் போய்விட்டது. திரும்பக் கட்டும்போது பெரிதாகக் கட்டலாம் என்ற பேச்சு வந்தது. அப்போதைய பிரதமர் சர்ச்சில் 1943இல் வேண்டாம் என்றார். எல்லோருக்கும் இடம் இருக்கிற பெரிய மண்டபம் சாதாரண நாட்களில் வெறிச்சோடிக் கிடக்கும், சின்ன மண்டபம் என்றால் முக்கிய நாட்களில் நெருக்கி நின்று பேசும் அவசரம் வரும் என்பது அவருடைய வாதம். எதிரெதிர் வாங்குகளும் அப்படியே இருக்க வேண்டும் என்றார். 1950இல் திறந்தார்கள்.

வாங்குகளுக்கு முன்னால் நீளவாக்கில் இரண்டு சிவப்புக் கோடு கீறுங்கோ. பேசுகிறவர் கோட்டைத் தாண்டக் கூடாது. இடைவெளி இரண்டு வாள் நீளத்துக்குக் கொஞ்சம் மேல் என்பது மரபுக் கதை. இரண்டு பிள்ளைகள் ஆளுக்கொரு மீற்றர் கோலை நீட்டி, முனை முட்டவில்லை என்றால் சரி. சபைக்குள் வாள் கொண்டு வர அனுமதியே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ, இல்லாவிட்டால் அங்கே சண்டை நடந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

தொடக்கம் கதவில். 1642 ஜனவரி 4ஆம் தேதி முதலாம் சார்ள்ஸ் மன்னர் ஐந்து உறுப்பினர்களைப் பிடிக்க ஆயுதம் ஏந்திய ஆட்களோடு வந்து காமன்ஸ் சபைக்குள் நுழைந்தார். அவர்கள் முன்பே போய்விட்டார்கள். எங்கே என்று சபாநாயகர் லெந்தாலைக் கேட்டதற்கு, சபை சொல்லாமல் தனக்குப் பார்க்கக் கண்ணும் இல்லை, பேச நாவும் இல்லை என்ற கருத்தில் பதில் சொன்னார். அதற்குப் பிறகு எந்த அரசரும் காமன்ஸ் கூட்டத்துக்குள் வந்ததில்லை. ஆண்டுத் தொடக்க விழாவில் அரசர் பிரபுக்கள் சபையிலேயே இருப்பார். கருங்கோல் ஏந்துபவர் காமன்ஸை அழைக்க வருவார், அவர் முகத்துக்கு நேரே கதவைச் சாத்துவார்கள். கோலால் மூன்று தட்டு. பிறகுதான் திறப்பார்கள். உங்கள் பிள்ளைகள் இதைத்தான் திரும்பத் திரும்பச் செய்யக் கேட்பார்கள், இரண்டு தரத்தோடு நிறுத்துங்கோ.

வாக்கெடுப்புக்குக் கை தூக்க விடாதீங்கோ. அங்கே நடந்து போய்த்தான் வாக்களிப்பது. "ஆம்" என்பவர் சபாநாயகரின் வலப்பக்க நடைகூடம், "இல்லை" என்பவர் இடப்பக்கம். ஒவ்வொன்றிலும் இரண்டு எண்ணுபவர், பக்கத்துக்கு ஒருவர். அப்படி வைத்தால்தான் ஒருவரை ஒருவர் கவனிப்பார்கள். எண்ணுகிற நாலு பேரின் வாக்கு கணக்கில் சேராது. மணி அடித்து 8 நிமிடத்தில் கதவு பூட்டப்படும், உங்களுக்கு 1 நிமிடம் போதும். பிழை வருகிற இடம்: போன வழியாலேயே திரும்பி வந்தால் ஒரே பிள்ளையை இரண்டு தரம் எண்ணுவார்கள். ஒரு வழியால் போய் மறு வழியால் வர வேண்டும். சமமாக வந்தால் மட்டும் சபாநாயகர் வாக்களிப்பார்.

நிறம்: காமன்ஸ் பச்சை, பிரபுக்கள் சிவப்பு. டெல்லியிலும் மக்களவை பச்சை, மாநிலங்களவை சிவப்பு, இங்கிருந்து போனது. 1950 மண்டபத்துக்கு நாடுகள் பொருட்கள் அன்பளிப்புச் செய்தன: சபாநாயகர் கதிரை ஆஸ்திரேலியா, மேசை கனடா, வாசல் கதவுகள் இந்தியாவும் பாகிஸ்தானும், செங்கோல் தூக்கி வரும் அதிகாரியான சார்ஜண்ட் இருக்கும் கதிரை இலங்கை.

---

சுண்ணக்கட்டி:

மூணு பேருக்கும் நன்றி. 18 இடக் கணக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. ஒரு சந்தேகம். 1834இல் தீ என்று எல்லா இடத்திலும் இருக்கு. "குச்சி எரிச்சதால் அரண்மனை எரிஞ்சது" என்று ஒரு வரியில் முடிச்சுடறாங்க. குச்சி எரிச்சா எப்படிக் கட்டடம் எரியும்? நம்பற மாதிரி சொல்லணுமே.

---

கோட்டைமதில்:

குச்சியில் ஆரம்பிக்காமல் புகைப்போக்கியில் ஆரம்பியுங்கள்.

அந்தக் குச்சிகள் கருவூலத்தின் பழைய ரசீதுகள். பணம் கட்டினால் ஒரு மரக்குச்சியில் வெட்டுப் போட்டு, நீளவாக்கில் பிளந்து, ஆளுக்குப் பாதி. ஆயிரம் பவுனுக்கு (இங்கிலாந்துப் பணம்) உள்ளங்கை அகல வெட்டு, நூறுக்குக் கட்டைவிரல் அகலம், இருபதுக்குச் சுண்டுவிரல், ஒரு பவுனுக்கு வாற்கோதுமை மணி அளவு. இரண்டு பாதியும் பொருந்தினால்தான் கணக்குச் சரி. வகுப்பில் கத்தி வேண்டாம். இரண்டு ஐஸ் குச்சியை ஒட்டி வைத்து, இரண்டின் மேலும் ஒரே இழுப்பில் குறுக்குக் கோடு போடச் சொல்லுங்கள். பிரித்து ஆளுக்கொன்று. பிறகு ஒருவர் தன் குச்சியில் ரகசியமாக ஒரு கோடு கூட்டட்டும். சேர்த்து வைத்தவுடன் திருட்டு தெரிந்துவிடும். ஒரு குச்சியில் போட்டு மற்றதில் பார்த்து வரைந்தால் முதலிலேயே பொருந்தாது, விளையாட்டு கெட்டுப் போகும்.

1826இல் இந்த முறை நின்றது. இரண்டு வண்டி அளவுக்குக் குச்சி மிச்சம். 1834 அக்டோபர் 16 காலையிலிருந்து பிரபுக்கள் சபைக்கு அடியிலிருந்த இரண்டு அடுப்புகளில் அவற்றை எரித்தார்கள். அந்த அடுப்புகள் சபையைச் சூடாக்குவதற்காகக் கட்டியவை, கரி போட்டு மெதுவாக எரிக்க வேண்டியவை. அவற்றின் புகைப்போக்கி சுவருக்குள்ளும் தரைக்கடியிலும் ஓடியது. உலர்ந்த மரம் கரிபோல் எரியாது. குப்பென்று உயரமாகச் சுடர் விடும், சுடர் புகைப்போக்கிக்குள்ளேயே ஏறும். வேலையை ஒரே நாளில் முடிக்க அள்ளி அள்ளிப் போட்டார்கள். மாலை 4 மணிக்குச் சபையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்குத் தரை செருப்பைத் தாண்டிச் சுட்டது, அறை புகையாக இருந்தது. யாரும் கீழே போய் அடுப்பை அணைக்கவில்லை. வேலையாட்கள் 5 மணிக்குக் கிளம்பிவிட்டார்கள். 6 மணியளவில் சுவருக்குள் கனன்றுகொண்டிருந்த நெருப்பு வெளியே வந்தது.

தேவாலயமாக இருந்த காமன்ஸ் மண்டபம் அந்த இரவில் போனது. ஹால் தப்பியது, கூரையை விடாமல் நனைத்ததாலும் காற்று திசை மாறியதாலும். நதி பக்கத்திலேயே இருக்கிறதே என்று பிள்ளைகள் கேட்பார்கள். அன்று நீர் வற்றிய நேரம், தேம்ஸ் கடலோடு ஏறி இறங்குகிற நதி.

பிறகு புதிய கட்டடத்துக்குப் போட்டி வைத்தார்கள். 97 பேர் வரைபடம் அனுப்பினார்கள், சார்லஸ் பாரி வென்றார். உள்ளலங்காரம் பியூஜின் என்ற கட்டடக் கலைஞர். 6 வருஷத்தில் முடியும் என்று மதிப்பிட்டது ஏறக்குறைய 30 வருஷம் இழுத்தது, செலவு ஏழு லட்சத்துச் சொச்சப் பவுனிலிருந்து இருபது லட்சத்தைத் தாண்டியது. நதியின் ஒரு பகுதியை அடைத்து நிரப்பி அதன்மேல் அடித்தளம் போட வேண்டியிருந்தது. சுவருக்கு எடுத்த கல்லோ லண்டன் கரிப்புகையில் சில பத்தாண்டுகளிலேயே பொரியத் தொடங்கியது. அதனால் 1930களிலிருந்து வேறு கல்லால் மாற்றினார்கள். மாடலில் எல்லாம் ஒரே பழமையாகத் தெரியும், ஆகவே ஹாலை மட்டும் வேறு நிறத்தில் வண்ணம் அடியுங்கள்: அது 1099, சுற்றியுள்ளது பெரும்பாலும் 1840க்குப் பிந்தியது.

---

தேம்ஸ்கரை:

ஹால் பற்றி விட்டுப்போனது ஒன்று. வங்காளத்தின் கவர்னர் ஜெனரலாக இருந்த வாரன் ஹேஸ்டிங்ஸ் மீதான விசாரணை அந்த ஹாலில்தான் 1788 முதல் 1795 வரை நடந்தது. கடைசியில் விடுவித்துவிட்டார்கள். வரலாற்றுப் பாடத்தோடு பொருத்தலாம்.

மற்றது, லண்டனில் பிள்ளைகளோடு நேரில் போகிறவர்களுக்கு: மணிக்கூண்டு ஏற 11 வயது ஆக வேண்டும், 334 படி, பார்வையாளருக்கு லிப்ட் இல்லை. சபையைப் பார்க்க வயது தடையில்லை. விவாதத்தைப் பார்வையாளர் மாடத்திலிருந்து காசில்லாமல் பார்க்கலாம்.

---

அட்டைப்பெட்டி:

பிக் பென் பெயர்க் குழப்பம் கட்டாயம் வரும். பெயர் மணிக்கு, 13.7 டன் மணிக்கு. கோபுரத்துக்கு 2012லிருந்து எலிசபெத் கோபுரம். அந்த மணியில் விரிசல் இருக்கு. 1859 ஜூலையில் அடிக்க ஆரம்பிச்சது, செப்டம்பரில் விரிஞ்சது. சுத்தியல் ரொம்பக் கனம். மணியைக் கொஞ்சம் திருப்பி, விரிசல் இல்லாத இடத்தில் அடிபடுற மாதிரி வெச்சு, லேசான சுத்தியல் போட்டாங்க. இன்னைக்கும் அதே விரிஞ்ச மணிதான் ஒலிக்குது.

கடிகாரம் மெதுவா ஓடினா ஊசலின் மேல் ஒரு பழைய பென்னி நாணயம் வைப்பாங்க. ஒரு நாளைக்கு 0.4 நொடி வேகமாகும். "5 நாணயம் வெச்சா எத்தனை நொடி?" என்று முதல் பீரியட் முடியுறப்ப கேட்டுட்டு விட்டுடுங்க. 2 நொடி. நாணயத்தை வெச்சா கனம் கூடி மெதுவாகத்தானே போகணும் என்று யாராவது கேட்டா, ஊசலின் வேகம் கனத்தால் மாறாது, தொங்குற நீளத்தால்தான் மாறும். நாணயம் கனத்தின் நடுப்புள்ளியைத் துளி மேலே ஏத்துது, அதனால ஊசல் கொஞ்சம் குட்டையான மாதிரி. நூலில் அழிரப்பரைக் கட்டி ஆட்டி, நூலைச் சுருக்கிக் காட்டினா ஒரு நிமிஷத்தில் புரிஞ்சிடும்.